உங்கள் பதிவுகளின் சாவி யாரிடம்? பிளாக்செயின் சமூக வலைத்தளங்கள்: ஓர் அறிமுகம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் வேலைகளில் ஒன்று, ஏதாவது ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்குத் தொடங்குவது. பெயர், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் போதும். கணக்கு தயார். பிறகு புகைப்படங்கள், கட்டுரைகள், நண்பர்கள் என்று அது வளர்கிறது. சில ஆண்டுகளில் நம் நினைவுகளில் பாதி அங்கேதான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு உண்மையில் யாருடையது என்று நாம் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் என்பதற்குப் பழைய உதாரணங்கள் பல உள்ளன. இந்தியாவில் ஏராளமானோர் பயன்படுத்திய ஆர்குட்டை கூகுள் நிறுவனம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. அதே கூகுளின் கூகுள் பிளஸ் தனிநபர் கணக்குகள் 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டன. யாஹூ குரூப்ஸில் சேர்ந்திருந்த பழைய மடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தச் சேவையே நின்றுபோனது. இவற்றுக்கெல்லாம் முன்னறிவிப்பு கொடுத்தார்கள். தகவல்களை இறக்கிக்கொள்ள அவகாசமும் தந்தார்கள். ஆனால் மூடலாமா என்று பயனாளர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. சர்வர் அவர்களுடையது.

இதற்கு மாற்றாக, யாருக்கும் சொந்தமில்லாத சமூக வலைத்தளம் ஒன்றை உருவாக்க முடியுமா? முடியும் என்று சொல்பவர்கள் காட்டும் தொழில்நுட்பம்தான் பிளாக்செயின். அது எப்படி வேலை செய்கிறது, எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதை ஓர் உண்மையான உதாரணத்தோடு இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஒரே இடத்தில் ஒரே நோட்டு

முதலில் வழக்கமான சமூக வலைத்தளத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வோம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவும் அந்த நிறுவனத்தின் டேட்டாபேஸில் ஒரு வரியாகச் சேமிக்கப்படுகிறது. உங்கள் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதும் அந்த நிறுவனம்தான். எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதும் அதுவே.

நான் சாப்ட்வேர் துறையில் பணிபுரிகிறேன். டேட்டாபேஸ்களோடு தினமும் பழகும் வேலை. சிறிய டேட்டாபேஸ் ஒன்றில் ஒருவருடைய கணக்கை முழுவதுமாக நீக்க ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். உரிய அனுமதி உள்ளவர் அதை டைப் செய்து என்டர் தட்டினால் முடிந்தது. பெரிய நிறுவனங்களில் நடைமுறைகளும் கட்டுப்பாடுகளும் அதிகம். ஆனாலும் அடிப்படை இதுதான்: நோட்டு ஒரே இடத்தில் இருக்கிறது, பேனாவும் அவர்களிடமே இருக்கிறது.

ஆளுக்கொரு நோட்டு

ஒரு தெருவில் 20 பேர் சேர்ந்து சீட்டு நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கணக்கு நோட்டு சீட்டு நடத்துபவரிடம் மட்டுமே இருக்கும். அவர் ஒரு தொகையைத் திருத்தினால் மற்றவர்கள் கையில் ஆதாரம் இருக்காது. இதற்குப் பதிலாக 20 பேரும் ஆளுக்கொரு நோட்டு வைத்து, ஒவ்வொரு வரவையும் எல்லோரும் எழுதிக்கொண்டால்? ஒருவர் திருத்தினாலும் மற்ற 19 நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்கு எழுதுபவர்கள் ஒரு பக்கம் முடிந்ததும் அதன் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித் தொடர்வார்கள். பழைய பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால், பின்னால் வரும் எல்லாப் பக்கங்களிலும் கணக்கு உதைக்கும்.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பிளாக்செயின். இதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு 'பிளாக்'. கூட்டுத்தொகைக்குப் பதிலாக, முந்தைய பிளாக்கில் உள்ள தகவல்களிலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் அடையாள எண் அடுத்த பிளாக்கில் எழுதப்படுகிறது. இதற்கு 'ஹேஷ்' என்று பெயர். பழைய பிளாக்கில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹேஷ் முற்றிலும் மாறிவிடும். இப்படிச் சங்கிலியாகக் கோத்த நோட்டின் நகல்கள் பல ஊர்களில், பல நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களில் இருக்கும். 2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயின், பணக் கணக்கை எழுத இந்த முறையைப் பயன்படுத்தியது. பணக் கணக்கு எழுதும் நோட்டில் கட்டுரையும் எழுதினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் பிளாக்செயின் சமூக வலைத்தளங்கள்.

ஸ்டீம் எப்படி வேலை செய்தது?

இந்த வகையில் பலருக்கும் தெரிந்த முதல் முயற்சி, 2016ல் நெட் ஸ்காட், டான் லாரிமர் ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டீம். (கம்ப்யூட்டர் கேம்ஸ் விற்கும் ஸ்டீம் வேறு. பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை.) ஸ்டீம் என்பது பிளாக்செயினின் பெயர். அதில் எழுதவும் படிக்கவும் உதவிய வெப்சைட்டின் பெயர் ஸ்டீமிட். அதை நடத்திய நிறுவனத்தின் பெயரும் அதுவே. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஸ்டீமில் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிகள். சாவி என்பது நீளமான எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி. நீங்கள் ஒரு பதிவை வெளியிடும்போது உங்கள் ரகசியச் சாவியைக் கொண்டு உங்கள் கம்ப்யூட்டரே அதில் ஒரு டிஜிட்டல் கையெழுத்து போடுகிறது. நோட்டு வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் அந்தக் கையெழுத்து சரியா என்று மட்டும் பார்க்கின்றன. கையெழுத்துப் போட உங்கள் ரகசியச் சாவி வேண்டும். சரிபார்க்க எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவி போதும்.

நோட்டில் புதிய பக்கம் எழுதுபவர்களுக்கு 'விட்னஸ்', அதாவது சாட்சிகள் என்று பெயர். மூன்று விநாடிக்கு ஒரு பிளாக் எழுதப்படும். ஒவ்வொரு சுற்றிலும் 21 பேர் எழுதுவார்கள். அவர்களில் 20 பேர் அதிக வாக்குகள் பெற்றவர்கள். மீதமுள்ள ஓர் இடம் மற்றவர்களுக்குச் சுழற்சி முறையில் கிடைக்கும்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். நம் ஊர்த் தேர்தலைப்போல ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை. ஒருவர் எத்தனை ஸ்டீம் நாணயங்களைப் பூட்டி வைத்திருக்கிறாரோ அந்த அளவுக்கு அவர் வாக்குக்கு எடை. ஒருவர் 30 சாட்சிகள் வரை வாக்களிக்கலாம். அந்த 30 பேருக்கும் முழு எடை போய்ச் சேரும், பிரிக்கப்படாது. ஆகவே மற்ற எல்லோரையும்விட அதிக நாணயம் பூட்டி வைத்திருக்கும் ஒருவர் நினைத்தால், 20 இடங்களிலும் தன் ஆட்களையே உட்காரவைத்துவிட முடியும். விதிகளை மாற்ற 21 பேரில் 17 பேர் சம்மதித்தால் போதும்.

எழுதுபவர்களுக்கு வருமானமும் உண்டு. பதிவு வெளியான 7 நாட்களில் அதற்குக் கிடைத்த வாக்குகளின் எடைக்கு ஏற்ப, புதிதாக உருவாகும் நாணயங்களில் ஒரு பங்கு எழுதியவருக்கும் வாக்களித்தவர்களுக்கும் கிடைக்கும்.

2020ல் நடந்தது

ஸ்டீம் தொடங்கிய காலத்தில் உருவான நாணயங்களில் பெரும் பங்கு ஸ்டீமிட் நிறுவனத்திடம் சேர்ந்திருந்தது. அதை வளர்ச்சிப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்துவோம், சாட்சிகளைத் தேர்ந்தெடுக்க அதைக்கொண்டு வாக்களிக்க மாட்டோம் என்பது அந்த நிறுவனம் சொல்லிவந்த வாக்கு. நிரலில் எழுதப்பட்ட விதி அல்ல, வாய்வார்த்தை.

2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினை உருவாக்கிய ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். நிறுவனத்தோடு அந்த நாணயங்களும் அவர் கைக்குப் போயின. பழைய வாக்கை அவர் காப்பாற்றுவாரா என்று பயனாளர்கள் அஞ்சினார்கள். அந்த மாதக் கடைசியில் அப்போதிருந்த சாட்சிகள் மென்பொருளில் ஒரு மாற்றம் செய்து, அந்த நாணயங்களைப் பயன்படுத்த முடியாதபடி முடக்கினார்கள்.

பதிலடி மார்ச் 2 அன்று வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த ஸ்டீம் நாணயங்கள் பூட்டப்பட்டு, வாக்குகளாக மாறின. முன்னணியில் இருந்த 20 சாட்சிகளும் வெளியேற்றப்பட்டு, சன் தரப்புக்கு ஆதரவான புதியவர்கள் அந்த இடங்களுக்கு வந்தார்கள். முடக்கமும் நீங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் தங்கள் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. ஆனால் பூட்டிய நாணயங்களை முழுவதுமாக வெளியே எடுக்க 13 வாரங்கள் ஆகும் என்பது ஸ்டீமின் விதி.

இதுவே சாதாரண சமூக வலைத்தளமாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். புதிய முதலாளி வந்தார், பிடிக்காதவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று. ஆனால் நோட்டின் நகல் எல்லோரிடமும் இருந்தது அல்லவா? மார்ச் 20 அன்று பயனாளர்களில் ஒரு பிரிவினர் அந்த நகலை வைத்து ஹைவ் என்ற புதிய பிளாக்செயினைத் தொடங்கினார்கள். சாலை இரண்டாகப் பிரிவதுபோல ஒரு சங்கிலி இரண்டாகப் பிரிவதை 'ஃபோர்க்' என்பார்கள். பழைய பதிவுகள், கருத்துகள், பயனாளர் பெயர்கள், யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்ற பட்டியல், எல்லாமே ஹைவில் அப்படியே இருந்தன. அதே பழைய சாவியைப் போட்டுத் திறந்தால் திறந்தது. ஸ்டீமிட் நிறுவனத்தின் நாணயங்களும், அதன் தரப்புக்கு ஆதரவாக வாக்களித்த சில கணக்குகளின் நாணயங்களும் மட்டும் புதிய சங்கிலியில் கொடுக்கப்படவில்லை.

ஸ்டீமும் தொடர்ந்து இயங்கியது. 2020 மே 20 அன்று அங்கே இன்னொரு விதிமாற்றம் நடந்தது. சில கணக்குகளில் இருந்த சுமார் 2 கோடியே 36 லட்சம் ஸ்டீம் நாணயங்கள் உரிமையாளர்களின் சம்மதமின்றி வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டன. அவர்களில் பலர் ஹைவ் பிரிவுக்கு ஆதரவானவர்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

பிளாக்செயின் நோட்டை யாராலும் மாற்ற முடியாது என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அது முழு உண்மையல்ல. பழைய பக்கத்தை யாருக்கும் தெரியாமல் திருத்த முடியாது என்பது சரி. ஆனால் இனிவரும் பக்கங்களை எந்த விதிப்படி எழுதுவது என்பதை முடிவு செய்யும் இடத்தில் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஸ்டீமில் இரு தரப்புமே அந்த இடத்தைப் பயன்படுத்தி மற்றவர் நாணயத்தில் கை வைத்தன. அதிகாரம் பரவலாக்கப்பட்டது என்ற பெயர்ப் பலகை இருந்தாலும், எடை ஒரே இடத்தில் குவிந்தால் அதிகாரமும் அங்கேதான் குவியும். ஹைவில் பின்னர், புதிதாகப் பூட்டிய நாணயங்கள் 30 நாட்கள் கழித்தே சாட்சிகளுக்கான வாக்கில் சேரும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் கைப்பற்றுவதை இது தடுக்கும். நாணயத்துக்குத்தான் வாக்கு என்ற அடிப்படை மாறவில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆர்குட் மூடப்பட்டபோது அதன் பயனாளர்கள் தங்கள் படங்களை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆர்குட்டையே இன்னோர் இடத்தில் திறந்து, அதே நண்பர்களோடு அதே பெயரில் தொடர முடியவில்லை. ஸ்டீம் பயனாளர்களால் முடிந்தது. என் பார்வையில் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பலன் இதுதான். சண்டை வராமல் அது காப்பாற்றாது. சண்டை வந்தால், எழுதியதையும் சேர்த்த நண்பர்களையும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேற வழி வைத்திருக்கிறது.

சேருமுன் நான்கு எச்சரிக்கைகள்

1. அழிக்க முடியாது. ஒரு பதிவைத் திருத்தலாம், திரையில் தெரியாமல் மறைக்கலாம். ஆனால் முதலில் எழுதியது நோட்டின் பழைய பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும். தேடத் தெரிந்தவர் எடுத்துப் படிக்கலாம். ஆகவே மொபைல் எண், வீட்டு முகவரி, ஆதார் எண், குழந்தைகளின் பள்ளி விவரம், கோபத்தில் ஒருவரைப் பற்றி எழுதும் வரிகள் ஆகியவற்றை இங்கே எழுதவே கூடாது. நாளை நீக்கிவிடலாம் என்ற வசதி இங்கே இல்லை.

2. சாவி தொலைந்தால் கணக்கு தொலைந்தது. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்ற இணைப்பைக் கிளிக் செய்தால் ஓ.டி.பி. வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் ரகசியச் சாவியின் நகல் வேறு யாரிடமும் இல்லை என்பதுதானே இந்த முறையின் அடிப்படை.

3. படங்கள் நோட்டில் இல்லை. இது பலருக்கும் தெரியாத விஷயம். ஸ்டீம், ஹைவ் இரண்டிலும் எழுத்து மட்டுமே பிளாக்கில் சேமிக்கப்படுகிறது. படம் வேறொரு சர்வரில் இருக்கும். பிளாக்கில் இருப்பது அதன் முகவரி மட்டுமே. அந்த சர்வர் நின்றால் உங்கள் பதிவில் எழுத்து இருக்கும், படம் இருக்காது. படங்களின் மூலப் பிரதியை உங்கள் ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ வைத்திருங்கள்.

4. இதை வருமானமாக நம்ப வேண்டாம். நாணயத்தின் விலை ஏறும், இறங்கும். பெரும்பாலான புதியவர்களின் பதிவுகளுக்குக் கிடைப்பது சில்லறைதான். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் இத்தகைய டிஜிட்டல் நாணயங்களை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவிகித வருமான வரியும் உண்டு. 'இவ்வளவு பணம் கட்டினால் சேர்த்துவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஹைவில் சேர்ந்து பார்க்க விரும்பினால்

படிப்பதற்குக் கணக்கு தேவையில்லை. பிரவுசரில் ஹைவ் பிளாக், பீக்டி, ஈசென்சி ஆகிய வெப்சைட்டுகளைத் திறந்து பாருங்கள். மூன்றும் வெவ்வேறு குழுக்கள் நடத்துபவை. ஆனால் ஒருவருடைய பெயரைத் தேடினால் மூன்றிலும் அதே பதிவுகளே வரும். ஒரே நோட்டை மூன்று கண்ணாடி வழியாகப் படிக்கிறோம். ஒரு வெப்சைட் ஒரு பதிவைக் காட்ட மறுத்தாலும் மற்றொன்றில் படிக்கலாம் என்பதை இப்படிச் சோதித்துப் பார்த்தாலே பாதி பாடம் புரிந்துவிடும்.

கணக்குத் தொடங்கினால் உங்களுக்கு ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டும் நான்கு சாவிகளும் கிடைக்கும். ரகசியச் சாவி ஒவ்வொன்றும் 5 என்ற எண்ணில் தொடங்கும் 51 எழுத்துகள் கொண்டது.

போஸ்டிங் சாவி: எழுதவும், கருத்துச் சொல்லவும், பதிவுகளுக்கு வாக்களிக்கவும். தினசரி வேலைகளுக்கு இது போதும்.

ஆக்டிவ் சாவி: நாணயங்களை அனுப்பவும், சாட்சிகளுக்கு வாக்களிக்கவும்.

மெமோ சாவி: நாணயத்தோடு அனுப்பும் ரகசியக் குறிப்புகளைப் படிக்க.

ஓனர் சாவி: மற்ற சாவிகளையே மாற்றும் சாவி. இது பீரோவுக்குள் இருக்க வேண்டியது.

வெப்சைட்டுகளில் நுழைய போஸ்டிங் சாவியை மட்டும் கொடுங்கள். அது திருட்டுப் போனாலும் திருடியவரால் உங்கள் நாணயத்தை எடுக்க முடியாது. ஹைவ் கீசெயின் என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் சாவிகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கையெழுத்துப் போட்டுத் தரும். ஓனர் சாவியையும் மாஸ்டர் பாஸ்வேர்டையும் தாளில் பிரின்ட் எடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இமெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும், மொபைலில் போட்டோ எடுத்து வைப்பதும் வேண்டாம்.

பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. அதற்குப் பதில் 'ரிசோர்ஸ் கிரெடிட்' என்ற அளவு உண்டு. பூட்டி வைத்திருக்கும் நாணயத்துக்கு ஏற்ப இது கூடும். எழுத எழுதக் குறையும், 5 நாட்களில் மீண்டும் நிரம்பும். புதியவர்களுக்கு ஒரே நாளில் நிறைய எழுதினால் 'போதவில்லை' என்று செய்தி வரலாம். கம்ப்யூட்டரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், காத்திருந்தால் சரியாகிவிடும்.

பிளாக்செயின் இல்லாமலும் வழி உண்டு

நாணயம், வாக்கு எடை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் மாற்று இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016ல் வெளியிட்ட மாஸ்டடான் அவற்றில் ஒன்று. இது இமெயில்போல இயங்குகிறது. நீங்கள் ஒரு நிறுவனத்தின் இமெயிலும் நான் வேறு நிறுவனத்தின் இமெயிலும் வைத்திருந்தாலும் நாம் மடல் எழுதிக்கொள்கிறோம் அல்லவா? அதேபோல ஆயிரக்கணக்கான தனித்தனி மாஸ்டடான் சர்வர்கள் ஒரு பொதுவான மொழியில் பேசிக்கொள்கின்றன. ஒரு சர்வர் பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்கு மாறலாம். உங்களைப் பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். ஆனால் பழைய பதிவுகள் வராது. சர்வரை நடத்துபவர் திடீரென நிறுத்திவிட்டால் மாறுவதும் சிரமம். அதே சமயம், எழுதியதை நீக்கச் சொல்லும் வசதி இங்கே உண்டு. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை.

எதில் சேர்ந்தாலும் கேட்க வேண்டியவை

ஃபேஸ்புக்கோ, ஹைவோ, நாளை வரப்போகும் இன்னொன்றோ, கணக்குத் தொடங்குமுன் இந்த ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள்:

1. என் கணக்கின் சாவி என்னிடமா, நிறுவனத்திடமா?
2. என் பதிவுகளின் நகல் எத்தனை இடங்களில், யார் யாரிடம் இருக்கிறது?
3. விதிகளை மாற்றும் அதிகாரம் யாருக்கு? அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?
4. நான் எழுதியதை நீக்க வேண்டுமானால் முடியுமா?
5. வெளியேறும்போது எதையெல்லாம் எடுத்துச் செல்லலாம்?

ஐந்துக்கும் திருப்தியான பதில் தரும் வலைத்தளம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. எந்தக் குறையை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று தெரிந்துகொண்டு சேர்வதற்குத்தான் இந்தப் பட்டியல்.

ஏற்கெனவே உள்ள கணக்குகளை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கின் செட்டிங்ஸ் பகுதியில் உங்கள் தகவல்கள் அனைத்தையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கூகுள் கணக்குகளுக்கு டேக்அவுட் என்ற சேவை 2011 முதல் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி இரண்டையும் இயக்குங்கள். வரும் ஜிப் ஃபைலை பென் டிரைவ் ஒன்றில் சேமித்து, அதன் மேல் தேதி எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்து வந்தால், எந்த நிறுவனம் கதவைச் சாத்தினாலும் உங்கள் நோட்டின் ஒரு நகல் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.